பெர்த்தாவின் வாயும் மாங் சிஸ்தோவின் காதும்

எங்கள் மீன்பிடித் துறையில் மீன் விலையை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. விடிந்ததும் படகுகள் வரும். மீன் தொட்டிகள் ஈரச் சிமெண்டுத் தரையில் வரிசையாக இறங்கும். வாங்க வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பெரியவர் மாங் சிஸ்தோவிடம் போய், அவர் காதோடு வாய் வைத்து ஒரு விலை சொல்வார்கள். படகுக்காரர்களுக்காக விற்றுக் கொடுப்பவர் அவர்தான். யார் என்ன சொன்னாலும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, கூடுதலாகச் சொன்னவரின் தோளைத் தொடுவார். மீன் அவருக்கு. விலை என்ன என்பது சொன்ன வாய்க்கும் கேட்ட காதுக்கும் மட்டும் தெரியும்.

நான் அந்தத் துறை வாசலில் காப்பியும் இஞ்சித் தண்ணீரும் கஞ்சியும் விற்கிறேன். அதிகம் பேச மாட்டேன். பேசாமல் ஒரே இடத்தில் நிற்பவளுக்குப் பார்ப்பதுதான் வேலை. நான் பார்த்தவர்களில் நொர்பெர்த்தாவைப் போல விலை சொன்னவர் யாருமில்லை.

எல்லோரும் அவளைப் பெர்த்தா என்பார்கள். எனக்கு அவள் மாரே. என் மகளுக்கு ஞானஸ்நானத் தாய், அதனால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுகிறோம். வலை பின்னுகிறவரின் மகள். சின்ன வயதில் இதே துறையில் தொட்டி தூக்கினாள். பிறகு மீதம் விழுந்த மீனை விற்றாள். பிறகு ஒருநாள், துணைக்கு யாரும் இல்லாமல், மாங் சிஸ்தோவின் காதை நோக்கி நடந்தாள். மற்றவர்கள் விலை சொல்லும்போது தயங்குவார்கள், திரும்பிப் பார்ப்பார்கள், இரண்டாவது தடவை போவார்கள். பெர்த்தா போவாள், குனிவாள், ஒரே மூச்சில் சொல்லுவாள், திரும்பிப் பார்க்காமல் வந்து என் கடையில் இஞ்சித் தண்ணீர் கேட்பாள். அவள் கோப்பையைத் தொடுவதற்குள் மாங் சிஸ்தோ அவள் தோளைத் தேடிக்கொண்டு வருவார். நகரத்து உணவகங்களுக்கும் சந்தையில் ஏழெட்டுக் கடைகளுக்கும் அவள்தான் மீன் கொடுத்தாள்.

அந்த வாயில்தான் நோய் வந்தது.

முதலில் ஈறு சிவந்தது. பிறகு உதட்டின் உள்பக்கம் மஞ்சள் மஞ்சளாகச் சின்னச் சீழ்ப் புள்ளிகள். அவை உடைந்து ஒன்றோடொன்று சேர்ந்து, நத்தை ஊர்ந்துபோன தடம் மாதிரி கோடு போட்டன. உதடு வீங்கியது. இஞ்சித் தண்ணீரை ஆறவைத்துக் குடித்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டு வெறும் கஞ்சி. புண் என்றால் எங்களுக்குத் தெரியாத வைத்தியமா? கொய்யா இலை அவித்த தண்ணீரில் கொப்பளித்தாள். படிகாரம் வைத்தாள். ஐஸில் கை வைத்துவிட்டு உடனே வெந்நீரில் கழுவியதால் வந்த சூடு என்று ஒருத்தி சொன்னாள். பக்கத்து ஊர்ப் பல் வைத்தியர் இரண்டு பல்லைப் பிடுங்கினார். புண் அந்தப் பள்ளத்திலும் இறங்கியது.

அதே சமயம் அவளுக்கு வயிறும் சரியில்லை. அது எனக்குத் தெரியும். துறைக்கு இருக்கும் ஒரே கழிப்பறை என் கடைக்குப் பின்னால்தான். தண்ணீர் டிரம்மை நிரப்புவது நான். பெர்த்தா ஒரு விடியலில் நாலைந்து தடவை போனாள். ரத்தமும் போகிறது என்று என் காதில் சொன்னாள்.

"அமீபா, மாரே," என்றாள். "மருந்துக் கடையில மாத்திரை வாங்கிட்டேன்."

நானும் தலையாட்டினேன். எங்கள் ஊரில் வயிறு போனால் அமீபா. ரத்தம் போனால் பெரிய அமீபா. அதற்கான மாத்திரை ஒவ்வொரு வீட்டிலும் உப்புக்குப் பக்கத்தில் இருக்கும். வாய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

வாய் நாற ஆரம்பித்தது. பெர்த்தா கழுத்துத் துண்டை உதட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு விலை சொல்லப் போனாள். மாங் சிஸ்தோ முதலில் வழக்கம்போலக் காதைக் கொடுத்தார். ஆனால் அவள் திரும்பியதும் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் காதைத் துடைத்தார். மற்றவர்கள் சொன்ன பிறகு துடைப்பதில்லை. அதை நான் பார்த்தேன். பெர்த்தாவும் ஒருநாள் பார்த்துவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் அவள் குனிந்தபோது அவர் காதைக் கொடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"பெர்த்தா, உனக்கு வலிக்குதுல்ல? நீ எதுக்குக் கஷ்டப்படற? வீட்டுக்காரரை அனுப்பு. அவரு சொல்லட்டும்."

பெர்த்தா துண்டை இறுக்கிக்கொண்டு நடந்து போய்விட்டாள். அன்று என் கடைப் பக்கம்கூட வரவில்லை.

அவள் கணவர் நெஸ்தோரை நாங்கள் குயா, அண்ணன், என்போம். ஜீப்னி என்ற ஷேர் வண்டி ஓட்டுகிறவர். இருபது பேரைக் கூவி ஏற்றிய தொண்டை. அவருக்கு ரகசியம் பேசத் தெரியாது. மறுநாள் அவர் மாங் சிஸ்தோவின் காதில் சொன்ன விலை, வாகனங்கள் நிற்கும் இடம் வரை கேட்டது. ஐஸ் உடைக்கும் பையன்கள்கூடச் சிரித்தார்கள். லோலெங் என்று ஒரு வியாபாரி, பெர்த்தாவுக்குப் பரம எதிரி. நிதானமாகப் போய் அதற்கு மேல் கொஞ்சம் சொல்லி, மீனைத் தட்டிக்கொண்டு போனாள்.

"நெஸ்தோரு, நாளைக்கும் வாங்க," என்றாள். "காசு கொடுத்து ரேடியோ வாங்க வேண்டியதில்ல எனக்கு."

ஒரு மாதத்தில் பெர்த்தாவிடம் வாங்கிக்கொண்டிருந்த கடைகளில் பாதி லோலெங்கிடம் போயின. குயா நெஸ்தோர் என்னிடம் வந்து, "அவகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க. மணிலாவுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் வந்தா ஊசியைப் பார்த்தே விழுந்துருவேன்," என்றார். நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

பெரிய ஆஸ்பத்திரி. வாய்நோய்ப் பிரிவில் டாக்டர் இலாகன் என்று ஒரு பெண். பெர்த்தாவின் உதட்டை மடித்து விளக்கடித்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"வயிறு எப்படி இருக்கு?"

"வயிறு நல்லாத்தான் இருக்கு, டாக்டர். வாய்தான்."

"வெளிய போறதெல்லாம்?"

"அது வேற டாக்டர். அது அமீபா."

டாக்டர் விளக்கை அணைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அமீபான்னு யார் சொன்னது?"

பெர்த்தா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் ஊர் முழுக்கச் சொன்னது என்று எப்படிச் சொல்வது?

வாயிலிருந்து ஒரு துளிச் சதை எடுத்தார்கள். பிறகு குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். பெருங்குடல் முழுக்கப் புண் இருந்தது. அமீபா இல்லை. குடல் வீங்கிப் புண்ணாகும் ஒரு நீண்டகால நோய். அந்த நோய் உள்ளவர்களில் வெகு சிலருக்கு வாயிலும் இப்படி வரும் என்றார் டாக்டர்.

"ரெண்டும் ஒரே சண்டைதான். உங்க உடம்பு தன்னைத்தானே அடிச்சுக்குது. வாய்க்கு மட்டும் மருந்து போட்டா நிக்காது. குடலை அடக்கணும்."

"அப்ப இது யாருக்கும் ஒட்டாதா?"

"ஒட்டாது."

"காதுல பட்டாக்கூட?"

"எந்தக் காது?" என்றார் டாக்டர் இலாகன்.

நான்தான் சொன்னேன், எங்கள் துறையில் விலை எப்படிச் சொல்வார்கள் என்று. டாக்டருக்கு நம்ப முடியவில்லை. கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, நீங்க மறுபடி காதுகிட்டப் போற மாதிரி பண்ணலாம்," என்றார். பெர்த்தா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் கொடுத்தது ஸ்டீராய்டு மாத்திரை. சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள், கூடவே கொப்பளிக்க ஒரு மருந்து. இரண்டு வாரத்தில் வாய் சுத்தமாகிவிட்டது. ரத்தம் நின்றது. பெர்த்தா வறுத்த மீனைக் காரமான வினிகரில் தோய்த்துச் சாப்பிட்டாள். நான் அழுதேவிட்டேன்.

"ஹியாங், மாரே," என்றாள். "இந்த மருந்து எனக்கு ஹியாங்."

ஒருவர் உடம்புக்கு ஒரு மருந்து பொருந்திப் போனால் நாங்கள் அப்படிச் சொல்வோம். சோப்பு, எண்ணெய், மாத்திரை எல்லாவற்றுக்கும் அந்தப் பேச்சு உண்டு. ஹியாங் ஆன மருந்தை விடக் கூடாது. மாற்றவும் கூடாது. டாக்டர், மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லியிருந்தார். குறைத்ததும் உதட்டுக்குள் இரண்டு மஞ்சள் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. அவ்வளவுதான். பெர்த்தா பழைய சீட்டைக் காட்டி, முதலில் போட்ட அளவையே மருந்துக் கடையில் வாங்கிப் போட ஆரம்பித்தாள். டாக்டரிடம் போகவில்லை. ஐஸ் உடைக்கும் டாடோய்க்கு உடைந்த பல் குத்திக் கன்னத்தில் புண் வந்தபோது அரை அட்டை அவனுக்கும் கொடுத்தாள். மறுபடியும் மாங் சிஸ்தோவின் காதில் விலை சொன்னாள். அவர் கைக்குட்டையைத் தொடவில்லை. எங்களுக்கெல்லாம் திருவிழா மாதிரி இருந்தது.

ஆனால் அவள் முகம் வட்டமாகிக்கொண்டே வந்தது. கன்னம் உப்பியது. கழுத்துக்குப் பின்னால் திமில் மாதிரி சதை வைத்தது. இரவெல்லாம் தூங்காமல் வீடு கழுவினாள்.

"கப்பல்ல வேலை பார்த்துட்டு வந்தவ மாதிரி கொழுத்துட்டியே," என்றாள் லோலெங். "என்ன சாப்பிடற, எனக்கும் சொல்லேன்."

"உன்கிட்டேருந்து பிடுங்கின மீனை," என்றாள் பெர்த்தா.

ஒருநாள் தொட்டி தூக்கப் போனவள் கால் மடங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். தொடையில் வலுவே இல்லை. சர்க்கரை ஏறியிருந்தது. மறுபடியும் பஸ். டாக்டர் இலாகனும் குடல் டாக்டரும் சேர்ந்து திட்டினார்கள்.

"இது நெருப்பை அணைக்கிற மருந்து, பெர்த்தாம்மா. அணைஞ்சப்புறமும் தண்ணி ஊத்திட்டே இருந்தா வீடு இடிஞ்சிடும். உங்களை யார் தொடர்ந்து போடச் சொன்னது?"

"எனக்கு ஹியாங், டாக்டர்."

"எல்லாருக்குமே முதல்ல ஹியாங்தான். வேற யாருக்காவது கொடுத்தீங்களா?"

பெர்த்தா பையின் வாரைத் திருகினாள்.

"கொடுத்திருக்கீங்க. மருந்து என்ன மீனா, பக்கத்து வீட்டுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுக்க?"

திடீரென்று நிறுத்தினால் அதைவிட ஆபத்து என்று சொல்லி, மெதுவாகக் குறைக்கும் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக வேறொரு மாத்திரை. உடம்பின் சண்டைக் குணத்தை நாள்பட அடக்கும் மருந்து. அது பெர்த்தாவுக்கு ஆகவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்தன. சில பேர் உடம்புக்கு இது ஒத்துக்கொள்ளாது, நம் பக்கத்து ஆட்களில் அப்படிப்பட்டவர்கள் அதிகம் என்று டாக்டர் சொன்னார். அன்றே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது வெள்ளை மாத்திரையும் குறைந்துகொண்டு வந்தது, இந்த மாத்திரையும் இல்லை. வாய் திரும்பியது. முன்னைவிட மோசமாக. பெர்த்தா தலையில் ஒரு துண்டும் வாயில் ஒரு துண்டும் கட்டிக்கொண்டு என் கடையின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். முன்பக்கம் குயா நெஸ்தோர் ரகசியம் சொல்வது இங்கே வரை கேட்டது.

"நான் பழைய அளவுக்கே போயிடட்டுமா, மாரே?" என்று கேட்டாள். பையில் இன்னும் இரண்டு அட்டை வைத்திருந்தாள். எனக்குக் காட்டினாள். "மூணே நாள்ல வாய் ஆறிடும். அவரு காதுல நானே சொல்லலாம்."

நான் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

அவளே அந்த அட்டைகளை எடுத்து என் கையில் வைத்தாள். "நீயே வெச்சுக்கோ. என் கண்ணுல காட்டாத. எப்ப எவ்வளவு போடணுமோ அப்ப அவ்வளவு மட்டும் கொடு."

அந்தத் துறையில் அவளுக்கு யாரும் எதையும் எடுத்துக் கொடுத்ததில்லை. எல்லாம் அவளாகவே பிடுங்கிக்கொண்டது. அப்படிப்பட்டவள் கையை நீட்டி, கொடு என்றாள்.

மிச்சம் ஒரு மருந்து இருந்தது. கையில் ஊசி குத்தி டிரிப்பாக ஏற்றுவது. உடம்பில் வீக்கத்தை மூட்டிவிடும் பொருளையே பிடித்துக் கட்டிப்போடும் மருந்து என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் இருந்த உதவிப் பிரிவில் கேட்டு அதற்கு வழி பண்ணிவிட்டார்கள். ஆனால் உடனே ஏற்ற முடியாது. முதலில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தார்கள். நெஞ்சுப் படம் சுத்தம், ஆனால் கிருமி உள்ளே தூங்குகிறது என்று தெரிந்தது.

"உங்களுக்கு நோய் இல்ல. கிருமி தூங்குது. இந்த டிரிப் அதை எழுப்பி விட்டுரும். முதல்ல அதுக்கு மாத்திரை. அப்புறம்தான் டிரிப்."

எங்கள் ஊரில் காசநோய் என்ற சொல்லைச் சொன்னாலே ஜன்னலைச் சாத்துவார்கள். பெர்த்தா அதை மறைக்கவில்லை. துறையில் நின்று அவளே சொன்னாள். "தூங்குதாம். லோலெங், சத்தம் போடாத, முழிச்சுக்கும்." லோலெங் தன் தொட்டிகளை எண்ணப் போய்விட்டாள்.

அவள் காத்திருந்தாள். மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. தானாக எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கொய்யா இலைத் தண்ணீரில் கொப்பளிப்பதற்குக்கூட டாக்டரிடம் கேட்டாள். வாய் எரிய எரிய வெறும் கஞ்சி குடித்துக்கொண்டு காத்திருந்தாள். மீன் ஏலத்தில் ஒரே மூச்சில் முடிப்பவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

டிரிப் ஏற்றும் அறையில் ஜன்னலோரம் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். முதல் தடவை பயத்தில் ஜெபமாலையை விடவேயில்லை. இரண்டாவது தடவை பக்கத்து நாற்காலிக்காரரிடம் மீன் விலை பேசினாள். மூன்றாவது தடவை தூங்கிவிட்டாள். நோய் வந்த பிறகு அவள் தூங்கும்போதும் வாயில் துண்டைப் போட்டுக்கொள்வாள். அன்று துண்டு மடியில் நழுவிக் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தது. உதட்டின் உள்பக்கம் ஈரமாக, வழவழப்பாக, ஒரு புள்ளி இல்லாமல். நர்ஸ், "என்ன பார்க்கறீங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

டாக்டர் எதையும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இது போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அடங்கியிருக்கிறது என்றார். எட்டு வாரத்துக்கு ஒரு தடவை டிரிப் தவறக் கூடாது. காய்ச்சல் வந்தால் அன்றே வர வேண்டும். பச்சை மீன் கூடாது. இதில் கடைசியாகச் சொன்னதற்குத்தான் பெர்த்தா முகம் சுளித்தாள். மீன் எவ்வளவு புதியது என்று ஒரு துண்டைப் பச்சையாகக் கடித்துப் பார்ப்பவள் அவள். "சரி, கண்ணாலயே கடிக்கிறேன்," என்றாள்.

வெள்ளை மாத்திரை முழுக்க நின்று, கன்னம் வற்றி, தலையில் குட்டை முடி முளைத்த பிறகுதான் அவள் துறைக்கு வந்தாள். அவசரப்படவில்லை. அன்று பெரிய படகு வந்திருந்தது. தொட்டி தொட்டியாகச் சூரை, கண் இன்னும் கலங்காத மீன். லோலெங் ஏற்கெனவே விலை சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குயா நெஸ்தோர் வழக்கம்போல முன்னால் போகத் தொண்டையைச் செருமினார். பெர்த்தா அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

கழுத்தில் துண்டு இல்லை. எல்லோரும் பார்த்தார்கள். மாங் சிஸ்தோவும் பார்த்தார்.

"கிட்ட வந்து சொல்லு, பெர்த்தா," என்றார். "வயசாயிருச்சு, காது மந்தமாயிருச்சு."

"காது எப்பவுமே மந்தம்தான், மாங் சிஸ்தோ. உங்க மூக்குதான் ரொம்பக் கூர்மை."

தொட்டி தூக்குகிறவர்கள் ஓவென்று சிரித்தார்கள். மாங் சிஸ்தோவின் முகம் சிவந்தது. அவர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். முழுக் காதையும். பெர்த்தா குனிந்தாள். ஒரே மூச்சு. திரும்பிப் பார்க்காமல் நடந்து என் கடைக்கு வந்தாள்.

அவள் பின்னால் மாங் சிஸ்தோவின் கை சட்டைப் பைக்குப் போனது. நான் அடுப்பை மறந்து நின்றேன். கைக்குட்டை வெளியே வந்தது. அவர் அதை உதறி, நெற்றி வியர்வையைத் துடைத்து, மடித்து, உள்ளே வைத்துக்கொண்டார். காதைத் தொடவேயில்லை. இன்னும் இரண்டு பேர் விலை சொன்னார்கள். பிறகு அவர் எங்கள் பக்கம் நடந்து வந்தார். பெர்த்தாவின் தோளைத் தொட்டார்.

அவள் உடனே சிரிக்கவில்லை. அவரை நேராகப் பார்த்தாள்.

"பாவம் பார்த்துத் தொட்டீங்களா?"

"பாவம் பார்த்தா படகுக்காரன் என்னைத் தூக்கிக் கடல்ல போட்டுருவான்," என்றார் மாங் சிஸ்தோ.

அது போதாது என்பதுபோல லோலெங் அங்கேயிருந்து கத்தினாள். "பொய்! நான் சொன்னதுக்கு மேல ஒருத்தி சொல்லியிருக்க முடியாது! என்ன சொன்ன நீ? பைத்தியமா உனக்கு?"

அப்போதுதான் பெர்த்தா சிரித்தாள். பல்லில்லாத இரண்டு இடமும் தெரிய, வாயை அகலத் திறந்து. அந்தச் சிரிப்பை நான் இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை.

"இனி காசு கொடுத்து ரேடியோ வாங்கிக்கோ," என்றாள். "அதுல சொல்லுவாங்க, கேட்டுக்கோ."

இப்போதும் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை நாங்கள் பஸ் ஏறுகிறோம். என் கடைக்குப் பின்னால் யாராவது அடிக்கடி போய் வந்தால், பெர்த்தா கையில் கோப்பையோடு எழுந்து போய் வழியில் நிற்பாள். ரத்தம் போகுதா என்று கேட்பாள். அமீபாதான் என்று அவர்கள் சொன்னால், "யார் சொன்னது?" என்பாள், டாக்டர் இலாகன் மாதிரியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. அப்படி இரண்டு பேரை டாக்டரிடம் அனுப்பியிருக்கிறாள். ஒருத்திக்கு உண்மையாகவே அமீபாதான். அதையும் பெர்த்தா பெருமையாகத்தான் சொல்கிறாள்.

சூரை வாங்கிய அன்று அவள் இஞ்சித் தண்ணீர் கேட்டாள். ஆறவைக்கட்டுமா என்றேன், பழக்கத்தில். வேண்டாம் என்றாள். ஆவி பறக்க வாங்கி, உதட்டில் வைத்து, அப்படியே குடித்தாள். சூரை மீன் தொட்டிகள் ஒவ்வொன்றாக அவள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. என்ன விலை சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.